384 வினாக்கொத்துகளும் ஒரு கடன் கொப்பியும்

பல்கலைக்கழக மாணவர்களின் இறுதியாண்டு ஆய்வேட்டைப் பற்றி ஒரு பத்திரிகைக்காரன் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நான் முகாமைத்துவம் கற்றவனுமல்லன், விரிவுரை மண்டபத்தில் நின்று பழகியவனுமல்லன். ஆனால் வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஓர் ஒழுங்கையில் நெடுங்காலமாகக் குடியிருப்பவன். எழுத்துத்துறையில் இருந்தவர் என்ற காரணத்தால், அயலிலுள்ள பிள்ளைகள் தங்கள் ஆய்வேட்டின் ஆங்கிலத்தைச் சரிபார்த்துத் தருமாறு என்னிடம் வருவதுண்டு. அவர்களிற் பெரும்பாலோர் வணிகமாணி அல்லது வியாபார நிர்வாகமாணிப் பட்டத்துக்குப் பயில்பவர்கள். இவ்வாறு பல ஆய்வேடுகளை வாசித்த பின்னர் எனக்குள் எழுந்த சில எண்ணங்களை இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் இந்த ஆய்வேடு என்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். எமது நாட்டின் தகைமைகள் கட்டமைப்பு 2012ஆம் ஆண்டு வெளியிடப்பட்டு 2015ஆம் ஆண்டு திருத்தப்பட்டது. அதன்படி மூன்றாண்டுப் பொதுப்பட்டம் 90 கிரெடிட்டுகளைக் கொண்டது. ஐந்தாம் மட்டத்தில் வைக்கப்பட்டுள்ளது. நான்காண்டுக் கௌரவப் பட்டம் 120 கிரெடிட்டுகளைக் கொண்டது. அது ஆறாம் மட்டம். முன்னர் நாம் சிறப்புப் பட்டம் என்று அழைத்தது இதனைத்தான். சாதாரண பாடமொன்றில் ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியால உழைப்பாகக் கணிக்கப்படுகிறது. ஆய்விலோ ஒரு கிரெடிட்டுக்குக் குறைந்தது 100 மணித்தியாலம். ஆய்வேட்டுக்கு ஆறு கிரெடிட்டுகள் என்று வைத்துக்கொண்டால் அது 600 மணித்தியாலங்கள். நாளொன்றுக்கு நான்கு மணித்தியாலம் உழைத்தாலும் 150 நாட்கள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுப் பிள்ளையொருவரின் வாழ்வில் இது சிறிய காலமன்று.

இந்த 600 மணித்தியாலங்களும் எங்கே போகின்றன என்பதுதான் எனது கவலை.

என்னிடம் வந்த ஆய்வேடுகளிற் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தெடுக்கப்பட்டவை. ஒன்று, ஊழியர் திருப்திக்கும் செயலாற்றுகைக்கும் உள்ள தொடர்பு. அல்லது சேவைத் தரத்துக்கும் வாடிக்கையாளர் விசுவாசத்துக்கும் உள்ள தொடர்பு. நிறுவனத்தின் பெயர் மட்டும் மாறும். இந்த முறை வங்கி, அடுத்த முறை காப்புறுதி நிறுவனம், அதற்கடுத்த முறை ஆடைத் தொழிற்சாலை. வினாக்கொத்தில் ஒன்றிலிருந்து ஐந்து வரை இலக்கங்கள் இருக்கும். மாதிரியின் அளவு பெரும்பாலும் 384.

இந்த 384 என்ற எண் ஏதோ மந்திரம்போல அடிக்கடி வருவதைக் கண்டு, அதன் மூலம் எதுவென்று தேடிப்பார்த்தேன். கிரெஜ்சி, மோர்கன் என்ற இரு அமெரிக்கர்கள் 1970ஆம் ஆண்டு வெளியிட்ட அட்டவணை ஒன்று இருக்கிறது. ஒரு குடித்தொகையில் ஆயிரம் பேர் இருந்தால் 278 பேரைக் கேட்டாற் போதும். பத்து இலட்சம் பேர் இருந்தாலும் 384 பேரைக் கேட்டாற் போதும் என்கிறது அந்த அட்டவணை. அது பிழையன்று. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்த 384 பேரும் எழுமாற்றாகத் தெரிவுசெய்யப்பட்டிருக்க வேண்டும். அதாவது, குடித்தொகையிலுள்ள ஒவ்வொருவருக்கும் தெரிவாகும் வாய்ப்பு சமமாக இருக்க வேண்டும். வட்ஸ்அப் குழுவில் கூகுள் படிவத்தைப் போட்டு, ‘மச்சான், இதைக் கொஞ்சம் நிரப்பி விடுடா’ என்று கேட்டுப் பெற்ற 384 பதில்களுக்கு இந்த அட்டவணை எந்த உத்தரவாதமும் தருவதில்லை. அது 384 நண்பர்களின் அன்பே தவிர, 384 வாடிக்கையாளரின் கருத்தன்று.

அதேபோல இன்னொரு எண், 0.7. வினாக்கள் தமக்குள் ஒத்திசைகின்றனவா என்று பார்க்க, குரொன்பாக் என்பவர் 1951ஆம் ஆண்டு விளக்கிய ஆல்பா என்ற அளவை. அது 0.7ஐத் தாண்டினால் பிள்ளைகள் பெருமூச்சு விடுகிறார்கள். ஆனால் வினாக்களை வாசிக்காமலே ஒருவர் எல்லாவற்றுக்கும் 4 என்றும், இன்னொருவர் எல்லாவற்றுக்கும் 2 என்றும் வட்டமிட்டுக்கொண்டு போனாலும் அந்த எண் உயர்வாகவே வரும். சோம்பலும் ஒத்திசைவுடையதுதான்!

புள்ளிவிபரவியலைக் குறைகூறுவதாக எவரும் எண்ண வேண்டாம். பெருந்தொகையானோரின் நிலையை அறிய அதைவிட நல்ல வழி இல்லை. நான் குறைகூறுவது, கருவிக்கு ஏற்றவாறு கேள்வியைத் தேடும் பழக்கத்தையே.

இனி நான் சொல்லவந்த கதைக்கு வருகிறேன்.

2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எங்கள் மாடிக்குடியிருப்பின் மேல்தளத்தில் வசிக்கும் பிள்ளையொருத்தி ஒரு மாலை கதவைத் தட்டினாள். கொழும்பிலுள்ள பல்கலைக்கழகமொன்றில் வியாபார நிர்வாகத்தில் இறுதியாண்டு. கையில் ஒரு கட்டுக் கடதாசி. கொட்டாஞ்சேனையிலுள்ள சிறிய பலசரக்குக் கடைகளைப் பற்றிய ஆய்வு. ‘கடன் வசதியும் வாடிக்கையாளர் விசுவாசமும்’ என்பது போன்றதொரு தலைப்பு. முகத்தில் அழுகை ஒட்டிக்கொண்டிருந்தது.

“அங்கிள், ஒருத்தரும் ஒழுங்கா நிரப்பித் தரேல்லை. ஒரு கடைக்கார ஐயா, ‘மகள், எந்த நம்பருக்கு வட்டம் போட்டா உங்களுக்கு நல்லது எண்டு சொல்லுங்கோ, நான் போட்டு விடுறன்’ எண்டு கேட்டார்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. இன்னும் ஐந்து வாரங்களில் தரவு சேகரிப்பை முடிக்க வேண்டும். கையில் இருந்ததோ நாற்பது சொச்சம் வினாக்கொத்துகள். பிறகு, நிலத்தைப் பார்த்தபடி, வந்த காரணத்தைச் சொன்னாள். அவளது தோழி ஒருத்தி மீதியைத் தானே நிரப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். இரண்டு இரவு வேலை. வெவ்வேறு நிறப் பேனா பாவித்தால் எவருக்கும் தெரியாது. பலர் அப்படித்தான் செய்கிறார்களாம்.

“செய்யட்டோ அங்கிள்?” என்று அவள் கேட்கவில்லை. ஆனால் அதைத்தான் கேட்டாள்.

நான் அவளுக்கு அறிவுரை சொல்லவில்லை. எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொன்னேன். பத்திரிகைத் தொழிலில் சேர்ந்த புதிதில், பாண் விலையேற்றம் பற்றி மக்களின் கருத்தைக் கேட்டுவருமாறு ஆசிரியர் என்னை அனுப்பினார். கடும் மழை. புறக்கோட்டைத் தேநீர்க்கடை ஒன்றில் அமர்ந்து, ஒரு துறைமுகத் தொழிலாளி, ஒரு குடும்பப் பெண், ஓர் ஆசிரியை என்று ஆறு பேரை நானே உருவாக்கி அவர்களின் வாயில் வார்த்தைகளை வைத்தேன். ஆசிரியர் வாசித்தார். ‘தம்பி, ஆறு பேரும் ஒரே மாதிரிக் கதைக்கினம். ஆறு பேரும் உம்மை மாதிரியே கதைக்கினம்’ என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை. அந்தத் தாளை மடித்து என் சட்டைப்பையில் வைத்தார். அதன் சூடு இன்னும் ஆறவில்லை.

பொய்யான தரவின் குற்றம் பிடிபடுவதில் மட்டும் இல்லை. நாம் உருவாக்கும் மனிதர்கள் எங்களுக்கு ஏற்கனவே தெரிந்ததை மட்டுமே சொல்வார்கள். உண்மையான மனிதர்தான் தெரியாததைச் சொல்வார். நான்காண்டுப் படிப்பில், விடை இன்னாருக்கும் தெரியாது என்ற நிலையில் ஒரு மாணவர் செய்யும் ஒரேயொரு வேலை ஆய்வேடுதான். மற்றெல்லாப் பரீட்சைகளிலும் விடை ஏற்கனவே ஒருவரின் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அந்த ஒரு வாய்ப்பையும் நாமே நிரப்பிக்கொண்டால் எஞ்சுவது என்ன?

மறுநாள் அவள் வினாக்கொத்துகளுடன் மேற்பார்வையாளரிடம் போய் உள்ளதைச் சொன்னாள். அவர் ஒரு சிங்கள விரிவுரையாளர், இளவயதினர், தமிழ் வாசிக்கத் தெரியாதவர். நிரப்பப்பட்ட நாற்பது தாள்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் ஒரு கேள்வி கேட்டாராம்: “இந்தக் கடைக்காரர்கள் வட்டம் போடும் நேரத்தில் உம்மிடம் என்ன கதைத்தார்கள்?” அவள் சொல்லத் தொடங்கினாள். அரை மணித்தியாலம் சொன்னாள். “உமது ஆய்வு அதுதான், இந்தத் தாளில் இருப்பதன்று” என்றாராம் அவர். ஆய்வு முறையை மாற்றுவதற்கு வேண்டிய அனுமதியை அவரே பெற்றுக்கொடுத்தார். கடைகளின் எண்ணிக்கை குறைக்கப்பட்டது. ஒவ்வொரு கடைக்கும் பலமுறை போக வேண்டும். உரையாடலைத் தமிழிலேயே எழுதி வைக்க வேண்டும். ஆங்கில மொழிபெயர்ப்பை அதன் அருகில் வைக்க வேண்டும். பிரதி வாரமும் ஒரு நாள் அரை மணித்தியாலம் சந்திக்க வேண்டும். இவைதாம் நிபந்தனைகள்.

மேற்பார்வை என்றால் இதுதான் என்பேன். காற்புள்ளி திருத்துவதும் மேற்கோள் பட்டியலைச் சரிபார்ப்பதும் அதன் சிறு பகுதிகள். மாணவர் கொண்டுவந்த குப்பைக்குள் எது பொன் என்று இனங்காண்பதே பெரிய பகுதி. எமது தமிழுலகில் இதற்கு நல்ல சான்று உண்டு. தினகரன் ஆசிரியராக இருந்த க. கைலாசபதியும், அவரது நண்பர் கா. சிவத்தம்பியும் இங்கிலாந்தின் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஒரே பேராசிரியரின் கீழ் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்தார்கள். அவர் ஜோர்ஜ் தொம்சன். கிரேக்க இலக்கிய அறிஞர். கிரேக்கத்தைக் கற்றறிந்த ஒருவர் சங்க இலக்கியத்தை ஆய்ந்த இருவருக்கு வழிகாட்டினார். கைலாசபதியின் ஆய்வு 1968ஆம் ஆண்டு ஒக்ஸ்போர்ட் வெளியீடாக நூலுருப் பெற்றது. பின்னர் 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவரானவரும் அவரே. மேற்பார்வையாளர் மாணவரைவிட அந்த விடயத்தை அதிகம் அறிந்தவராக இருக்க வேண்டியதில்லை. நல்ல கேள்வியை அறிந்தவராக இருந்தாற் போதும்.

அந்தப் பிள்ளை அதன்பின் வாரத்தில் மூன்று நாட்கள் 155ஆம் இலக்க பஸ்ஸில் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போனாள். பகலிற் போனாற் கடைக்காரருக்கு நேரமில்லை என்பதை இரண்டாம் நாளே அறிந்துகொண்டாள். பிற்பகல் இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் இடையில் வாடிக்கையாளர் குறைவு; அதுவே தக்க நேரம். ஜம்பட்டா வீதியை அண்டிய ஒழுங்கை ஒன்றிலிருந்த கடைக்காரர், நான்காம் தடவை அவள் போனபோது, தனது கடன் கொப்பியை எடுத்து மேசையில் வைத்தாராம். அதுதான் இந்த ஆய்வின் திருப்புமுனை.

2022ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தனது வட்டி வீதங்களை ஒரே நாளில் ஏழு சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுப் பொருட்களுக்கு மட்டும் 94.9 சதவீதம். இவற்றை நாங்கள் பத்திரிகைகளிலே கொட்டை எழுத்திற் போட்டோம். ஆனால் இந்த எண்கள் ஒரு கடன் கொப்பிக்குள் நுழையும்போது என்ன நடக்கும் என்று எழுதவில்லை.

ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். கடைக்காரர் மாதத் தொடக்கத்தில் 50,000 ரூபா பெறுமதியான அரிசியைக் கடனாகக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கிலோ 200 ரூபா என்றால் அது 250 கிலோ. மாத முடிவில் வாடிக்கையாளர்கள் நாணயமாக முழுக் கடனையும் அடைத்துவிடுகிறார்கள். அந்த 50,000 ரூபாவோடு அவர் புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவுக்குப் போகிறார். இதற்கிடையில் விலை 220 ரூபாவாகிவிட்டது. அவரால் வாங்க முடிந்தது 227 கிலோ. எவரும் ஏமாற்றவில்லை, ஒரு ரூபாவும் வராக்கடனாகவில்லை, ஆயினும் 23 கிலோ அரிசி கடையிலிருந்து காணாமற் போய்விட்டது. அடுத்த மாதமும் இப்படியே. இலாபம் இதை ஓரளவு ஈடுசெய்யும். ஆனால் அந்த இலாபத்தில்தான் அவரது வீடும் சாப்பிட வேண்டும். வங்கி மேலதிகப் பற்றை நாடலாம் என்றால் வட்டி எட்டாத உயரத்தில். மொத்த வியாபாரியும் பிந்திய திகதியிட்ட காசோலையை ஏற்கத் தயங்கினார்.

இதற்குக் கடைக்காரர் கண்ட வழி எந்தப் பாடநூலிலும் இல்லாதது. அவர் கொப்பியில் ரூபாவை எழுதுவதை நிறுத்தினார். ‘அரிசி 5, பருப்பு 1’ என்று பொருளை மட்டும் எழுதினார். அடைக்கும் நாளின் விலையிற் காசு. விலை குறைந்தால் அந்த நன்மையும் வாடிக்கையாளருக்கே. கணக்கியலிற் பணவீக்கக் காலத்துக்கான கணக்கீட்டு முறைகளைப் பற்றித் தடித்த நூல்கள் இருக்கின்றன. ஜம்பட்டா வீதிக்கருகில் ஒருவர் அதன் சாரத்தை ஐந்து ரூபாப் பேனாவால் எழுதி வைத்திருந்தார். அவரிடம் 384 வினாக்கொத்துகளைக் கொடுத்திருந்தாலும் இது வெளிவந்திராது. ஏனெனில் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று வினாக்கொத்தைத் தயாரித்தவருக்கே தெரியாது.

போய்க் கேட்பதன் பெறுமதியை வணிகக் கல்வியின் வரலாறே காட்டுகிறது. லண்டன் பொருளியற் பள்ளியில் வணிகமாணிப் பட்டத்துக்குப் பயின்ற ரொனால்ட் கோஸ் என்ற மாணவர், 1931இல் பிரயாணப் புலமைப்பரிசில் ஒன்று பெற்று அமெரிக்கா போனார். நூலகத்தில் அமர்ந்திருக்காமல் தொழிற்சாலைகளுக்கும் வணிக நிறுவனங்களுக்கும் சென்று, சில பொருட்களை நீங்களே செய்கிறீர்கள், சிலவற்றை வெளியில் வாங்குகிறீர்கள், ஏன் என்று கேட்டுக்கொண்டு திரிந்தார். அப்போது வயது இருபதும் இருபத்தொன்றும். அந்தச் சிறுபிள்ளைக் கேள்வியின் விடை 1937இல் ‘நிறுவனத்தின் இயல்பு’ என்ற கட்டுரையாயிற்று. 1991இல் அவருக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தபோது முக்கியமாகக் குறிப்பிடப்பட்டவற்றுள் அக்கட்டுரையும் ஒன்று. எல்லா மாணவரும் கோஸ் ஆக முடியாது. ஆனால் எல்லா மாணவராலும் ஏன் என்று கேட்க முடியும்.

இதைச் சொல்லும்போது என் தொழில் மீதும் எனக்கு மனக்குறை உண்டு. 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் புறக்கோட்டையிலும் கொழும்பின் ஏனைய பகுதிகளிலும் தமிழர் கடைகள் எரிக்கப்பட்டன. எரிந்ததை நாங்கள் எழுதினோம். ஆனால் எரிந்த கடையை ஒருவர் மீண்டும் எப்படித் திறந்தார்? கொப்பி எரிந்த பின்னர் யார் தாமாக வந்து, ‘நான் உங்களுக்கு இவ்வளவு தர வேண்டும்’ என்றார்? எந்த மொத்த வியாபாரி கையொப்பம் இல்லாமல் முதற் சரக்கைக் கொடுத்தார்? நான் அவர்களைக் கடந்து தினமும் நடந்தேன், கேட்கவில்லை. அந்த முதலாளிமாரில் பெரும்பாலோர் இன்று இல்லை. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். அந்தக் கணக்கு அவர்களோடு போய்விட்டது.

அதற்கு முந்திய காலத்தைப் பற்றி நாம் ஓரளவு அறிவதற்குக் காரணம், எவரோ கேட்டு எழுதி வைத்ததுதான். செட்டியார் தெருவில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் எவ்வாறு கடன் கொடுத்தார்கள் என்ற விபரங்கள் 1934ஆம் ஆண்டின் இலங்கை வங்கி ஆணைக்குழு அறிக்கையில் இருக்கின்றன. சேர் சொராப்ஜி பொச்கானவாலா தலைமையிலான அந்த ஆணைக்குழுவின் வழியில்தான் 1939இல் இலங்கை வங்கி தோன்றியது. பின்னர் 1973இல் விக்கிரம வீரசூரிய அந்தச் செட்டியார்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். எங்கள் வணிகத்தின் கதையைச் சிங்கள அறிஞர் ஒருவர் அக்கறையோடு எழுதியது மகிழ்ச்சிக்குரியது. எங்கள் பிள்ளைகளும் எழுத வேண்டும் என்பதே என் ஆசை.

இங்கே மொழிச் சிக்கலையும் சொல்ல வேண்டும். எமது பல்கலைக்கழகங்களில் முகாமைத்துவக் கல்வி பெரும்பாலும் ஆங்கில மொழிமூலம் நடைபெறுகிறது. அதில் எனக்கு மறுப்பில்லை. அப்பிள்ளைகள் உலகச் சந்தையில் வேலை தேட வேண்டியவர்கள். ஆனால் கடைக்காரர் தமிழிற் சொன்னதை மாணவர் ஆங்கிலத்தில் எழுதி, பல்கலைக்கழக நூலகத்தில் வைத்துவிட்டால், சொன்னவருக்கு அதனால் ஆன பயன் என்ன? கொடுத்ததைத் திருப்பிக் கேட்காத கடன் இது. ஒவ்வொரு ஆய்வேட்டுடனும் இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கமொன்று தயாரிக்கப்பட்டு, தகவல் தந்தவர்களின் கையில் கொடுக்கப்பட வேண்டும் என்பது எனது முதலாவது யோசனை. அதன் பிரதியொன்றை 1942 முதல் இயங்கிவரும் எங்கள் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்திற்கும் கொடுக்கலாம். இதற்குப் பெருஞ்செலவில்லை.

அந்தப் பிள்ளை அவ்வாறே செய்தாள். ஒப்படைப்பதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்னர், தமிழ்ச் சுருக்கத்தோடு ஜம்பட்டா வீதிக் கடைக்குப் போனாள். கடைக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக வாசித்தார். ஓரிடத்தில் விரலை வைத்தார்.

“மகள், இது பிழை. நான் கடனை நிப்பாட்டினேன் எண்டு எழுதியிருக்கிறீங்க. நான் நிப்பாட்டல்ல. புது ஆளுக்குத்தான் குடுக்கல்ல. பழைய ஆக்களுக்குச் சீனியையும் பால்மாவையும் குறைச்சேன். அரிசியைக் குறைக்கல்ல.”

பார்வைக்குச் சிறிய திருத்தம். ஆனால் அவளது முடிவுரையே அதனால் மாறியது. கடன் என்பது கொடுப்பது அல்லது மறுப்பது என்ற இரண்டில் ஒன்றாக அவள் எழுதியிருந்தாள். அவரோ பொருளுக்குப் பொருள், ஆளுக்கு ஆள் அளந்திருக்கிறார். எது இல்லாமல் ஒரு குடும்பம் இருக்கலாம், எது இல்லாமல் இருக்க முடியாது என்ற அளவுகோல் அவரிடம் இருந்தது. அந்த அத்தியாயத்தை அவள் திரும்ப எழுதினாள். மூன்று இரவுகள் தூக்கமில்லை. மேற்பார்வையாளர், ‘இப்போதுதான் இது ஆய்வு’ என்று ஓரத்தில் எழுதியிருந்ததை எனக்குக் காட்டினாள்.

இக்கதையை வைத்து எல்லாம் சுலபம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு விரிவுரையாளரின் தலையில் அளவுக்கு மீறிய மாணவர்களைச் சுமத்தினால் வாரம் அரை மணித்தியாலம் எங்கிருந்து வரும்? 2019இலிருந்து குண்டுவெடிப்பு, கொவிட், எரிபொருள் வரிசை என்று படிப்பு தள்ளித் தள்ளிப் போன பிள்ளைகள், எப்படியாவது முடித்துவிட்டுப் போனாற் போதும் என்று நினைப்பதில் என்ன வியப்பு? நேர்முகப் பரீட்சையில் எந்த வங்கியும் ஆய்வேட்டைக் கேட்பதில்லை என்பதும் உண்மையே. அதனால்தான் காசுக்கு ஆய்வேடு எழுதித் தருவோம் என்ற அறிவித்தல்கள் சுவர்களிலும் முகநூலிலும் துணிவோடு தோன்றுகின்றன. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் அந்தக் காசும் தேவையில்லை. இலக்கிய மீளாய்வை அது நிமிடத்தில் எழுதித் தரும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அது எழுதித் தருவது, ஏற்கனவே எங்கோ எழுதப்பட்டவற்றின் சாரத்தைத்தான். ஜம்பட்டா வீதிக் கடைக்காரரின் கொப்பி எங்கும் எழுதப்படவில்லை. இனிமேல் ஓர் ஆய்வேட்டின் மதிப்பு அதன் ஆங்கிலத்திலோ அட்டவணைகளிலோ இருக்கப்போவதில்லை. மாணவர் தன் காலால் நடந்து சென்று கொண்டுவந்ததிலேயே இருக்கப்போகிறது. ஆகவே பரீட்சகர்கள் அச்சிட்ட நூலை மட்டும் பார்க்காமல், களக் குறிப்புகளையும் மேற்பார்வைச் சந்திப்புகளின் பதிவையும் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது எனது இரண்டாவது யோசனை. குறிப்புப் புத்தகத்தைப் பொய்யாகத் தயாரிப்பது ஆய்வேட்டைப் பொய்யாகத் தயாரிப்பதைவிடக் கடினம்.

மூன்றாவது யோசனை மாணவர்களுக்கு. தூரத்திற் கிடக்கும் பெரிய நிறுவனத்தை விட்டுவிடுங்கள். உங்கள் வீட்டுக்கு அருகில் தினமும் காணும் ஒரு வியாபாரத்தில், உங்களுக்கு விளங்காத ஒன்று கட்டாயம் இருக்கும். வெள்ளவத்தையில் ஒரே வரிசையில் இத்தனை சேலைக் கடைகள் எப்படிப் பிழைக்கின்றன? செட்டியார் தெருவில் ஒரு நகைக் கடைக்கும் அடுத்த நகைக் கடைக்கும் இடையில் தங்கம் எந்த நம்பிக்கையிற் கைமாறுகிறது? வெளிநாட்டிலிருந்து வரும் பணம் ஓர் ஒழுங்கையின் கடைகளை எவ்வாறு மாற்றியிருக்கிறது? உங்களுக்கு உண்மையிலேயே விடை தெரியாத கேள்வி ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். கடைக்காரருக்கு முதல் நாள் நேரமிராது. நான்காம் நாள் இருக்கும்.

அந்தப் பிள்ளை 2023இன் பிற்பகுதியில் ஆய்வேட்டை ஒப்படைத்தாள். இப்போது ஒரு நிறுவனத்திற் கணக்காய்வுப் பிரிவில் வேலை. சில வாரங்களுக்கு முன்னர் மாடிப்படியில் கண்டபோது, வேலை எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

“பரவாயில்லை அங்கிள். எல்லாரும் கணினியில இருக்கிற கணக்கைத்தான் பாக்கினம். நான் கொப்பி இருக்கோ எண்டு கேக்கிறன்” என்றாள்.

600 மணித்தியாலம் வீண்போகவில்லை என்று எண்ணிக்கொண்டேன்.